சோறு ஒருத்தி, குழம்பு ஒருத்தி

ஞானஜோதி இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வெளிநாடு போய்வருகிறாள். பாஸ்போர்ட் கிடையாது. சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் சானடோரியம். மெப்ஸ் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் வெளிநாடு.

இது நான் கட்டிவிட்ட கதையல்ல, சட்டம். அந்த ஏற்றுமதி வளாகத்துக்குள் தைக்கிற சரக்கு, வியாபாரக் கணக்கில் இந்தியாவுக்கு வெளியே தைத்த சரக்கு. கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தால் அது இறக்குமதி, வரி கட்ட வேண்டும். ஒரு தடவை ஒரு காகம் உள்ளேயிருந்து தங்க நிற நூல்கண்டைக் கவ்விக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் பறந்துவிட்டது. வரி கட்டாத இறக்குமதி. காகத்தின் விலாசம் கிடைக்காததால் விஷயம் அப்படியே நிற்கிறது.

போன வார இதழை அலமாரியில் விரித்துவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஞானஜோதி சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனி கிறிஸ்துமஸ் சாக்ஸ் தைக்கிறது. பண்டிகைக்கு அமெரிக்காவில் வீட்டுச் சுவரில் பெரிய சாக்ஸாக ஒன்று தொங்கவிடுவார்கள், பிள்ளைகளுக்கான பரிசு அதில் விழும். ஒற்றை சாக்ஸ்தான். இது தெரியாமல் முதல் வருஷம் ஞானஜோதி பார்த்துக்கொள்ளும் நாலாம் தையல் லைன் பெண்கள் இடது கால், வலது கால் என்று ஜோடியாகத் தைத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பரிசு. தகப்பன்மார்கள் இன்னும் கடன் அடைப்பதாகக் கேள்வி.

டிசம்பரில் தொங்க வேண்டியது ஆவணியிலேயே கப்பலேற வேண்டும். அதனால் நாலாம் லைனில் ஆடி பிறந்ததும் கேரல் பாட்டு தொடங்கிவிடும். இந்த ஆடியிலும் பாடினார்கள். அப்போதுதான் அமெரிக்கா நம் சரக்குமேல் இருபத்தைந்து சதவீதம் வரி என்றது. அதே மாதம் முடிவதற்குள் ஐம்பது என்றது. சாக்ஸ் வாங்குகிறவர் ஒரே வார்த்தையில் மெயில் அனுப்பினார்: ஹோல்டு.

முப்பத்தெட்டாயிரம் சாக்ஸ் அட்டைப்பெட்டிகளில் உட்கார்ந்துவிட்டன. பாட்டு நின்றது.

நேற்றுச் சாயங்காலம் மேனேஜர் ராஜாராமன் ஞானஜோதியைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். நாலாம் லைனில் நூற்றுப்பன்னிரண்டு பேர், நாற்பது பேர் போக வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில். டோக்கன் நம்பர் பார்த்துப் பெயர் எழுதித் தர வேண்டும்.

"நாளைக்கு எழுதறேன் சார்" என்று தாளைத் தொடாமல் வந்துவிட்டாள். போன வாரம் அங்கேதான் விட்டோம். தாள் அதே மேஜையில்தான் இருக்கிறது.

*

காலை ஆறரைக்கு வேதசிரோமணி பேப்பரோடு சமையலறை வாசலில் நின்றார்.

ஞானஜோதியின் கணவர். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம், அதில் பாதி சேமிப்புக் கவுண்டரில். கையெழுத்தின் வாலைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். ஒருமுறை பணம் எடுக்க வந்தவரின் கையெழுத்தைப் பார்த்து "உங்களுக்குக் காய்ச்சல் இருக்கு, மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். டைபாய்டு.

"ஜோதி, திங்கக்கிழமை பேச்சுவார்த்தையாம். வரி எறங்கிடும் பாரு."

"போன திங்களும் இதைத்தான் சொன்னீங்க."

"அது போன திங்கள்." பேப்பரை மடித்தார். "எறங்கலேன்னா என்ன? அந்த சாக்ஸை எல்லாம் நம்ம சபையிலேயே வித்துடலாம்ல?"

"ஒத்தை சாக்ஸை யாருங்க வாங்குவா? அதுவும் மேடிசன், மேடிசன்னு பேர் தைச்சு வெச்சிருக்கோம்."

"நம்ம சபையில ஒரு மேடிசன்கூடவா இல்லை?"

"எடிசன் ஒருத்தர் இருக்காரு. அவருக்குக் கால் ரெண்டு."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளைப் பற்றி அவரிடம் சொல்லவும் இல்லை. பெரிய டப்பாவில் சோற்றை அழுத்தி மூடினாள், இரண்டு பேருக்கு. சோறு மட்டும்.

குழம்பு ஊரப்பாக்கத்திலிருந்து வரும். வேதசிரோமணியின் தங்கை சுகிர்தமணி கொண்டுவருவாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாத்தனாரை நாலாம் லைனில் சேர்த்துவிட்டது ஞானஜோதிதான். முதல் நாளே ஏற்பாடு ஆகிவிட்டது: சோறு அண்ணி, குழம்பு நாத்தனார். ஞானஜோதியின் குழம்பைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. கல்யாணமான புதிதில் வேதசிரோமணி ஒரு தடவை பேசிவிட்டு, மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார்.

"சுகிர்தா எப்படி இருக்கா?" என்றார் இப்போது. "அவ வீட்டுக்காரன் பென்னி முதுகு எப்படியாம்?"

"நடக்கறாராம். நிக்கத்தான் முடியலையாம்."

"அவ ஒருத்தி சம்பாத்தியத்துல அந்தக் குடும்பம் நிக்குது. நல்லவேளை, பதினோரு வருஷ சர்வீஸ். அவளை யாரும் தொட முடியாது."

ஞானஜோதி டப்பாவைப் பையில் வைத்தாள்.

*

தொட முடியும். அது ஏன் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பென்னி ஏணியிலிருந்து விழுந்தார். ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவரோடு நின்றது. பத்திரத்தில் ஏதோ சிக்கல், பாங்கி கடன் இல்லை என்றது. மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. சுகிர்தமணி மதியச் சாப்பாட்டின்போது சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள்.

அப்போது ஞானஜோதி சொன்னாள்: "வேலையை விட்டதா எழுதிக் குடுத்துடு. ரெண்டு மாசம் வீட்டுல இரு. பி.எஃப். மொத்தமா வந்துடும், கூரை போட்டுடலாம். அப்புறம் நானே திருப்பிச் சேர்த்துவிடறேன்."

மெப்ஸில் பத்துக்கு நாலு பேர் செய்வதுதான். சுகிர்தமணி எழுதிக் கொடுத்தாள். கூரை போட்டாயிற்று. சொன்னபடி ஞானஜோதி திருப்பிச் சேர்த்தும்விட்டாள். எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றுதான் மாறியது. கழுத்தில் தொங்கிய டோக்கன் 418 போய் 1163 வந்தது.

அண்ணன் அப்போது துருவித் துருவிக் கேட்டார், யார் கொடுத்த யோசனை என்று. நானேதான் என்றாள் சுகிர்தமணி. ஒன்பது வருஷச் சேமிப்பை அழித்தாயே என்று ஒரு மாதம் அவளோடு பேசவில்லை அவர். நம்பர் மாறியது அவருக்குத் தெரியாது. நம்பர் மாறினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

*

ஒன்பதரைக்கு ஞானஜோதி தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள். டோக்கன் பதிவேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது 1163.

தாளில் ஆறாம் வரியைக் காலியாக விட்டுவிட்டு ஏழுக்குப் போனாள். நாற்பதாவது நம்பர் போட்டுப் பேனாவை மூடியபோது பதினொன்றேகால். நாற்பத்தொன்றாவதாகப் பதிவேட்டில் நின்ற பெயர், எம்ப்ராய்டரி மெஷினில் வேலை செய்கிற கெசியா.

ராஜாராமன் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கே, ஜோதிம்மா."

"சார், சுகிர்தமணி பதினோரு வருஷ ஆளு. பழைய நம்பர் 418. நடுவுல ரெண்டு மாசம்தான்."

"தெரியும்."

"பேருக்குத்தான் சார் ராஜினாமா. எல்லாரும் பண்றதுதானே?"

"அப்படின்னு நீங்க எழுதிக் குடுத்தா பழைய நம்பரை நான் கேட்டுப் பார்க்கலாம். ஆனா அப்போ பி.எஃப். எடுத்தது பொய் சொல்லி எடுத்ததாயிடும். அவங்க மேல வரும்." டிராயரைத் திறந்து ராஜினாமாக் கடிதம் இருந்த ஃபைலைத் தட்டினார். "சாட்சி மேலயும் வரும். சாட்சி யாருன்னு நான் சொல்ல வேண்டாம்."

ஞானஜோதி ஃபைலைப் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்தை எந்தப் பேனாவால் போட்டாள் என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

"அவங்களை விட்டுடறேன்னா விட்டுடுங்க. எனக்கு நாற்பது பேர் வேணும். ஒருத்தர் ஏறினா ஒருத்தர் எறங்கணும். நாற்பத்தொண்ணாவது யாரு?"

அவள் மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள்.

"நான் என்னம்மா பண்றது?" அவர் குரல் இறங்கியது, தாளைத் திருப்பி நீட்டினார். "எம் பேரு வேற ஒருத்தர் கையில இருக்கிற தாள்ல இருக்கு. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

*

மதியம் லைனில் யாரும் கத்திப் பேசவில்லை. நூற்றுப்பன்னிரண்டு டப்பா திறக்கிற சத்தம் மட்டும்.

சுகிர்தமணி குழம்பை ஊற்றினாள். கத்தரிக்காய். ஞானஜோதி நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாயை எடுத்து டப்பாவிலேயே வைத்தாள்.

"காரமா அண்ணி?"

"இல்ல, நல்லாருக்கு."

"அப்ப சாப்பிடுங்க. நீங்க சாப்பிடாம விட்டா அண்ணன் என்னைத்தான் கேப்பாரு, குழம்புல என்ன போட்டேன்னு." பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். "இந்தாங்க. நேத்துதான் அச்சடிச்சு வந்துச்சு."

வீடு பிரதிஷ்டை அழைப்பிதழ். கூரை போட்டு இரண்டு வருஷமாகியும் ஜன்னலும் கதவும் ஒவ்வொன்றாக வந்து, இப்போதுதான் ஊரப்பாக்கம் வீடு வீடாகியிருந்தது. அடுத்த ஞாயிறு சாயங்காலம், போதகர் வந்து ஜெபம் பண்ணுவார். அதற்குக் கீழே: ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பவர், திருமதி ஞானஜோதி வேதசிரோமணி.

"உங்க அண்ணன் பேரைப் போட்டிருக்கலாம்ல?"

"அண்ணனா கூரை போட்டாரு?" என்றாள் சுகிர்தமணி. குழம்பு டப்பாவைத் துடைத்து மூடினாள். "ஒரு மாசம் பேசாமத்தான் இருந்தாரு."

ஞானஜோதி கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு கை கழுவப் போனாள். குழாயடியில் விரல் விரலாகக் கழுவினாள்.

சூப்பர்வைசராக அவள் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள், தையல் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லியிருக்கிறாள். பிரிக்க முடியாத தையல் ஒன்றை அவளே போட்டிருப்பது இப்போதுதான் தெரிந்தது.

தாளை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆறாம் வரியை அப்படியே அழித்துவிட்டு ஏழை ஆறாக்கி, எட்டை ஏழாக்கி, கடைசியில் கெசியா என்று எழுத ஐந்து நிமிஷம் போதும். கெசியா சொந்தமில்லை, ஊரப்பாக்கத்தில் கூரை இல்லை, அழைப்பிதழில் பெயர் போடவும் மாட்டாள். ஐந்து நிமிஷம். பேனாவைத் திறந்தாள்.

"அக்கா!"

கெசியாவேதான். இரும்புலியூர்ப் பெண், இருபத்தைந்து வயது. ஆடியில் கேரல் பாட்டுக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவள்.

"இன்னாடி?"

"கோச்சுக்க மாட்டீங்க இல்ல? ஜனவரி இருபத்தொண்ணு கல்யாணம் வெச்சுக்கீது. பத்து நாள் லீவு வேணும்."

"ஜனவரிக்கு இப்பவே கேக்கறே?"

"இப்பவே சொல்லிவெச்சா அப்புறம் நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க. போன வருஷம் ஜோஸ்வின் கடைசி நேரத்துல கேட்டு எவ்ளோ பேஜாராச்சு." துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "அவரு நாவலூர்ல ஆபீஸ் கேப் ஓட்றாரு. எனக்கு வேல கீதுன்னு சொல்லித்தான் அவங்க வூட்ல ஒத்துக்கினாங்க. அதனால கல்யாணம் முடிஞ்சதும் பத்தாம் நாள் வந்துடுவேங்கா. ஒரு நாள்கூட ஏத்த மாட்டேன்."

ஞானஜோதி அவள் கழுத்தில் தொங்கிய நம்பரைப் பார்த்தாள். 971.

ஜனவரியில் இந்த லைன் இருக்குமா என்று கேட்கத் தோன்றவே இல்லை அந்தப் பெண்ணுக்கு. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டாயிற்று, அக்கா பார்த்துக்கொள்வாள்.

"எடுத்துக்கோ" என்றாள் ஞானஜோதி.

"நெஜமாவா?"

"எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்ல. போ, மெஷினைத் தொடை."

கெசியா ஓடினாள். ஞானஜோதி குழாயடித் திட்டின்மேல் தாளை வைத்து, ஆறாம் வரியில் எழுதினாள். சுகிர்தமணி, டோக்கன் 1163. திட்டில் ஈரம். கடைசி எழுத்து கொஞ்சம் கசிந்தது.

மூன்றரைக்குத் தாளை ராஜாராமன் மேஜையில் வைத்தாள். அவர் ஆறாம் வரியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஜோதிம்மா..."

"ஒரு வார்த்தை பேசினீங்கன்னா கிழிச்சுடுவேன் சார்."

அவர் தாளை ஃபைலுக்குள் வைத்தார்.

*

ஐந்தரைக்குக் கேட்டில் எப்போதும்போல் பை சோதனை. சுகிர்தமணி வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். இங்கேதான் தினமும் பிரிவார்கள். அவள் சானடோரியம் ஸ்டேஷனுக்கு, இவள் ஷேர் ஆட்டோவுக்கு.

ஞானஜோதி சொல்லத்தான் வந்தாள். வாயைத் திறப்பதற்குள் சுகிர்தமணி கேட்டாள்.

"ஆறாவதுதானே அண்ணி?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்பர் எல்லார் கழுத்துலயும்தான் தொங்குது. நாற்பது பேருன்னு காலையிலேயே காதுல விழுந்துடுச்சு. மெஷின் நின்னுகிட்டுத்தானே இருக்கு, உக்காந்து எண்ணினேன்."

"அப்ப மதியமே..."

"ஆமா."

"தெரிஞ்சேதானா எனக்கு கார்டு குடுத்தே?"

சுகிர்தமணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

"மதியம் குடுக்காம சாயங்காலம் குடுத்திருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க."

ஒரு காகம் கேட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. அதே காகம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சுகிர்தமணி அதைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"நாளையோட நானும் உள்ளேருந்து வெளிய போற சரக்கு. எனக்கு எவ்வளவு வரின்னு கேட்டுச் சொல்லுங்க."

"சுகிர்தா, நான்தான் அன்னிக்கு அந்த யோசனையைச் சொன்னேன். நான்தான்..."

"மழைக்கு நனையாம ரெண்டு வருஷம் தூங்கியிருக்கோம் அண்ணி. அதுவும் நீங்கதான்." நாத்தனார் அவள் கையைப் பிடித்து உடனே விட்டாள். "அண்ணன்கிட்ட நானேதான் முடிவு பண்ணினேன்னு சொல்லியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும். வீடு திறக்கற நாள்ல சண்டை வேணாம்."

ஸ்டேஷன் பக்கம் நாலடி நடந்தாள். திரும்பினாள்.

"நாளைக்கு லிஸ்ட்டு ஒட்டினதும் கையெழுத்து வாங்கி மதியத்துக்கு முன்னாடியே அனுப்பிடுவாங்களாம். குழம்பும் நீங்களே கொண்டுவந்துடுங்க."

*

கேம்ப் ரோட்டில் விளக்கு போட்டுவிட்டார்கள். ஞானஜோதி வீட்டுக்குள் நுழைந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. எலுமிச்சம்பழம் அளவு புளியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

வேதசிரோமணி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. ரிடையரான பிறகு அதை அவர் சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் போடுகிறார்.

"பென்னி போன் பண்ணினான்" என்றார் திரும்பாமல். "எல்லாம் சொன்னான். சுகிர்தாவுக்கு நம்பரே மாறிடுச்சாமே? அந்த ராஜினாமாவால பதினோரு வருஷம் இல்லேன்னு ஆயிடுச்சாமே?"

ஞானஜோதி புளியைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"அவளுக்கா இதெல்லாம் தோணும்? ஒரு மணியார்டர் ஃபாரம் நிரப்பறதுக்கு என்கிட்ட வர்றவ. எவனோ ஒருத்தன் உள்ளேயே இருந்து சொல்லிக் குடுத்திருக்கான். நானும் அன்னிக்கு அவளைப் போட்டுத் திட்டிட்டேன். ஒரு மாசம் பேசாம இருந்தேனே, ஜோதி." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நாளைக்குக் காலையில உன்கூட வர்றேன். ராஜாராமனைப் பார்த்து அந்த லெட்டரை எடுக்கச் சொல்லப்போறேன். ராஜினாமான்னா கீழ சாட்சிக் கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கும்."

"இருந்தா?"

"முப்பத்தாறு வருஷம் கையெழுத்து பார்த்தவன் நான். ஒரு பார்வை போதும். யாருன்னு சொல்லிடுவேன்."

சட்டையை உதறி ஹேங்கரில் மாட்டினார். அப்போதுதான் கிண்ணத்தைக் கவனித்தார்.

"என்ன, புளி ஊறுது? குழம்பு அவதானே கொண்டுவருவா?"

ஞானஜோதி கையைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த அழைப்பிதழை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். மதியம் முதல் வேர்வையில் கிடந்து அவள் பெயர் இருந்த இடம் மட்டும் ஊறியிருந்தது.

"என்னங்க" என்றாள். "கொஞ்சம் உட்காருங்க."

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவரை உட்காரச் சொன்னது இதற்கு முன் இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

வேதசிரோமணி நாற்காலியை இழுத்தார்.